மூக்குக்கு அந்தப் பக்கம்

“மூக்குதான்.”

“மூக்கு தாண்டி எத்தனையோ நாளாச்சு, நான் சொல்றதைக் கொஞ்சம்—”

“நீ என்னத்தைச் சொல்றது? எனக்கு எண்ணத் தெரியாதா? மூக்குதான்டி!”

“ஆமா, பெரிய கணக்குப்புலி. எங்க, இன்னொரு தரம் எண்ணு பாப்போம்.”

வாசலில் உட்கார்ந்திருந்த அப்னேர், மனைவி ரோதாவை முறைத்துவிட்டு எண்ணத் தொடங்கினான். வலக் கட்டைவிரல் ஒன்று. சுண்டுவிரல் ஐந்து. மணிக்கட்டு, முன்கை, முழங்கை, மேல்கை, தோள், கழுத்து, காது, கண் என்று ஏறி, பதினான்காவதாக மூக்கைத் தொட்டான்.

அங்கிருந்து இடக்கண்ணுக்குத் தாண்டி, அந்தப் பக்கமாகவே இறங்கி, இடது சுண்டுவிரலில் இருபத்தேழோடு முடிக்க வேண்டும். இந்த மலையில் சின்னப் பிள்ளைகூட நாட்களை அப்படித்தான் எண்ணும்.

அவன் விரல் மூக்கிலேயே நின்றுவிட்டது.

மகள் லோயிஸ் பிரசவத்துக்கு டவுன் ஆஸ்பத்திரிக்கு விமானம் ஏறும்போது அப்பாவிடம் நாள் சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தப் பக்கத்து முழங்கை நாளன்று, அதாவது இருபதாம் நாள், வந்துவிடுவேன் என்றாள். அவள் போன மூன்றாம் நாள் அவன் தோட்டத்தில் சுருண்டு விழுந்தான். தலைக்குள் ரத்தம் கட்டிவிட்டது என்றாள் நர்ஸ்.

கண் விழித்தவனுக்கு இடப்பக்கம் என்று ஒன்று இல்லை. சுட்ட கிழங்கில் வலப்பாதியைத் தின்றுவிட்டுப் பசிக்கிறது என்பான். அந்தப் பக்கத்து எண்களும் அதோடு போயிருந்தன.

“சொன்ன நாளைக்குச் சரியா வந்துட்டாய்யா அவ,” என்றாள் ரோதா. “பெட்டியில வந்தா. உன் பக்கத்துலதான் இறக்கி வச்சாங்க. ஊரே அழுதுச்சு. நீ திரும்பிக்கூடப் பாக்கல.”

இறக்கி வைத்தது அவனுக்கு இடப்பக்கம்.

“உளறாத கிழவி. இன்னும் மூக்கே தாண்டல. அதுக்குள்ள எப்படி வருவா?”

தனியாக அழுது அவளுக்கு மாளவில்லை. பெற்றவர்கள் இரண்டு பேர். கூட உட்கார்ந்து அழ அவனும் வேண்டும். இன்றைக்கு அவனை மூக்கைத் தாண்டி இழுத்து வந்தே தீருவது என்று, இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள். அவன் வலக்கையைப் பிடித்து இடக்கண்ணில் வைத்தாள். காதில், கழுத்தில், தோளில், மேல்கையில். முழங்கையில்.

“இங்க. இந்த நாள்ல.”

யார் வீட்டுச் சுவரையோ தொடுகிறவன் போல இருந்தான்.

விடாமல் கீழே இறக்கினாள். செத்துக் கிடந்த இடக்கை மேல் வலக்கை பட்டது. அவன் விரல்கள் நின்றன. பிறகு அந்த உள்ளங்கையை, ஒவ்வொரு விரலாக, மெல்லத் தடவிப் பார்த்தன.

அவன் முகம் மலர்ந்தது.

“வந்துட்டாளா!” என்றான், நேரே பார்த்தபடி. அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டான்.

“ஏ ரோதா, புள்ள கை ஏன் இப்படிச் சில்லிட்டுக் கிடக்கு? எதையாவது எடுத்துப் போத்திவிடேன்.”