முதல் படிவம்

அவையைக் கேட்காமலே ஓர் ஆணை போட்டு, துறைமுகத்துக்கு நானூறு கோடியை ஒதுக்கிக்கொண்டது அரசு. அந்த ஆணை முப்பது நாள் நாடாளுமன்ற மேசையில் கிடக்கும். ஒரே ஓர் உறுப்பினர் எதிர்த்து எழுதிக்கொடுத்தாலும் பணம் நின்றுவிடும். கடைசி நாள் மாலை, துறைமுகம் வரவிருந்த கடற்கரைத் தொகுதியின் புது உறுப்பினர் பரிமளம் நாடாளுமன்ற அலுவலகத்துக்கு வந்து எதிர்ப்புப் படிவம் கேட்டார். எழுத்தர் சவரிமுத்து மெல்ல எழுந்து நின்றார்.

"ஏன் ஐயா, கேக்கக் கூடாதா?"

"கேக்கலாம்மா. இருபத்தாறு வருஷமா யாரும் கேட்டதில்ல."

அவர் இழுப்பறையைத் திறந்தார். படிவப் புத்தகத்தில் முதல் தாளே கிழிபடாமல் இருந்தது. பரிமளம் கையெழுத்திட்டார். சவரிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தாளை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு அவைத்தலைவர் அறையை நோக்கி நடந்தார். எதிரே வந்த அமைச்சர்கள், அது என்னவென்று தெரியாமலே, ஒதுங்கி வழிவிட்டார்கள்.