ஆறு பேருக்கு ஒரு தொட்டி

முழங்கால் ஆழம் தோண்டியதுமே குழியில் தண்ணீர் ஊறிவிட்டது.

மேஸ்திரி கண்ணாயிரம் அந்தச் சேற்றுத் தண்ணீரில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். குழியின் விளிம்பில் சைபுல்லா நின்றிருந்தார். அவர் கையில் சானிடரி இன்ஸ்பெக்டர் எழுதிக்கொடுத்த காகிதம்.

“தொட்டி எத்தினி பேருக்கு பாய்?”

நீள அகலமெல்லாம் அதைப் பொறுத்துத்தான். காகிதத்தில் மற்ற எல்லாம் இருந்தது. கிணற்றிலிருந்து கக்கூஸ் தொட்டி ஐம்பது அடி தள்ளி இருக்கவேண்டும். சுவரில் வெள்ளம் நின்ற கறைக்கு மேலே இரண்டடி உயரத்தில் கக்கூஸ் தளம் வரவேண்டும். வீட்டில் எத்தனை பேர் என்பதற்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

ரெண்டு என்றார் சைபுல்லா.

அவரும் மனைவி ஜோஹராவும்தான் அந்த வீட்டில். தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

சமையலறைத் திரைக்குப் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

“ஆறு பேருக்குப் போடுங்க மேஸ்திரி.”

சைபுல்லாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் வாங்கி வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு அனுப்புகிறவர் அவர். அடிவாரத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது, இந்தத் திரை ஒன்றைத் தவிர.

பட்டை வண்டி வந்து நிற்க வசதி என்று ஓடைக்கரையில் வீடு கட்டியதும் அவர்தான். ஐப்பசி பிறந்தால் ஓடை தானே வீடு தேடி வந்து விசாரித்துவிட்டுப் போகும். போன ஐப்பசியில் அது பழைய கக்கூஸ் குழியையும் கூட்டிக்கொண்டு அடுப்படி வரை வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தக் காகிதமும் இந்தக் குழியும்.

ஆறு என்றால் இவர்கள் இருவர், பிள்ளைகள் நாலு பேர். ஜோஹரா பெற்றவை அல்ல. சைபுல்லாவின் அண்ணன் நசருல்லாவின் மனைவி நாலாவது பிரசவத்தில் கண்ணை மூடிவிட, நாலையும் தூக்கி வளர்த்தவள் இவள். கடைக்குட்டி சகிலாவுக்குப் பிறந்த அன்றிலிருந்தே இவள் மடிதான். பிறகு நசருல்லா கராச்சியில் கடை போட்டார். லீவுக்கு அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லித்தான் பிள்ளைகளை அழைத்துப்போனார்.

ஜோஹரா திரைக்குப் பின்னாலிருந்தே பேசிக்கொண்டு போனாள். பிள்ளைகள் வந்தால் நாலையும் ஓடைப் பக்கமா கூட்டிப்போவது? மூத்தவன் அமீனுல்லாவுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை போகவேண்டும். சகிலாவுக்கோ குழி என்றாலே பயம். உள்ளே விழுந்துவிடுவேன் என்று அழுவாள், யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சைபுல்லா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

கண்ணாயிரம் தன் பங்குக்கு ஒரு சங்கடத்தைச் சொன்னார். கட்டி முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருக்கும். இரண்டு பேர் புழங்கினால் பெரிய தொட்டி அதற்குள் நிறையாது. காலியாகக் கிடக்கிற தொட்டியை அடியில் ஊறும் தண்ணீர் மேலே தூக்கிவிடும், தளம் பிளந்துவிடும்.

இதுதான் சாக்கென்று சைபுல்லா பிடித்துக்கொண்டார். கேட்டாயா, வராதவர்களுக்குக் கட்டினால் இப்படித்தான் ஆகும் என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது அதிகம் என்று பட்டது.

காலியாக இருந்தால்தானே தூக்கும், கிணற்றிலிருந்து இறைத்து நான் நிரப்புகிறேன் என்றாள் ஜோஹரா. எத்தனை குடமானாலும் சரி என்றாள்.

சைபுல்லா காகிதத்தில் ஆறு என்று எழுதி, எறியாத குறையாக மேஸ்திரியிடம் நீட்டினார். பட்டை வண்டி வரும் நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு ஓடைப் பக்கம் நடந்தார். வண்டி சாயங்காலம்தான் வரும்.

கேட்டது கிடைத்தும் ஜோஹராவுக்கு அழுகை வந்தது. இந்த மனிதருக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது. போன வெள்ளத்தில் சகிலாவின் செருப்பு காணாமல் போனபோதும் இப்படித்தான். புறப்பட்ட அவசரத்தில் குழந்தை விட்டுப்போன ஒற்றைச் செருப்பு அது. மாடத்தில் பத்திரமாக வைத்திருந்தாள். வெள்ளம் வடிந்ததும் வீடெல்லாம் தேடி அழுதவளை, ஒரு செருப்புக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அதட்டிவிட்டுப் போனார்.

கண்ணாயிரம் குழியிலிருந்து ஏறி வந்தார். கரண்டி, தூக்குக்குண்டு வைத்திருந்த சாக்குப் பையைத் துழாவி எதையோ எடுத்து, திரைக்கு முன்னால் படியில் வைத்தார்.

“கக்கூஸ்ல கால் வைக்கிற கல்லு ரெண்டு சோடி போடச் சொன்னாருங்கம்மா பாய். ஒரு சோடி சின்னதா, இந்த அளவுக்கு. காலைல வந்ததுமே குடுத்துட்டாரு. பாப்பா எப்ப வருது?”

திரைக்கு அடியில் ஒரு கை நீண்டு அதை எடுத்துக்கொண்டது. உள்ளங்கை நீளமே உள்ள தோல் செருப்பு. சேறு போகத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தது. அறுந்துபோன வாரை யாரோ புதிதாகத் தைத்திருந்தார்கள்.

ஜோஹரா அதை மடியில் வைத்து, புது வாரைத் தடவிப் பார்த்தாள்.

போன வாரம்தான் கராச்சியிலிருந்து கடிதம் வந்திருந்தது. சகிலாவுக்குப் பதினேழு முடிகிறதாம், நிக்காஹ் நிச்சயமாகிவிட்டதாம். பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியவர் சைபுல்லாதான்.