விக்கெட் கீப்பர் பாக்கி

முதலில் துரோகம் செய்தது வெள்ளாடுதான். பபிள்கம்மோடு வரும் கிரிக்கெட் கார்டுகளைக் குஞ்சுப் பருவத்திலிருந்தே பொறுக்கி, கிழட்டுக் காக்கை ஒரு டீமே சேர்த்து வைத்திருந்தது. அதில் விக்கெட் கீப்பரை மட்டும் வெள்ளாடு தின்றுவிட்டது.

“கீப்பர் இல்லாம என் டீம் எப்படிடா ஆடும்? இன்னொன்னு கொண்டா!” என்று காக்கை வருஷக்கணக்காக அதன் முதுகில் உட்கார்ந்து கொத்தியது.

ஒருநாள் வெள்ளாடு அதே மாதிரி இன்னொரு கார்டை எங்கேயோ கண்டெடுத்து, வாயில் கவ்வியபடி ஓடிவந்தது. காக்கைக்கு இறக்கை படபடத்தது.

“கீப்பர்தானே? சொல்லித் தொலைடா!”

வாயில் எதையாவது வைத்துக்கொண்டு பெரியவரிடம் பேசுவது மரியாதையில்லை. வெள்ளாடு அவசரமாக விழுங்கிவிட்டு, “அவரேதான் அண்ணே!” என்றது.

காக்கை மறுபடியும் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

“இப்ப ரெண்டு கீப்பர் பாக்கி. நட!”