ரெண்டு விரல் பிரேக்

“உன்கிட்ட போய் உயிரை ஒப்படைச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்று புலம்பிக்கொண்டே, மூக்குக்கண்ணாடி போட்ட அந்த வாடிக்கையாளர் மூன்றாவது முறையாக மோட்டார் சைக்கிளைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்தே தள்ளி வந்ததில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

மெக்கானிக் வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மனுஷன் ஏறி உட்காரக்கூட மாட்டேன் என்கிறாரே, பிரேக் மேல் அவ்வளவு பயமா?

மெக்கானிக்குக்கு வட்டாரத்தில் ‘ரெண்டு விரல்’ என்று பெயர். லீவரை இரண்டே விரலால் அழுத்திப் பார்த்து, பிரேக் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா, கிளட்ச் கேபிளில் துரு ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்தத் தலைக்கனத்தில் எதிர்க் கடைக்காரரோடு பேச்சை முறித்து வருஷக் கணக்காகிறது. எதிர்க் கடைக்காரர் வேறு யாருமில்லை, சொந்தத் தங்கை புருஷன்தான்.

கண்ணாடிக்காரர் முதல் முறை வந்தபோது மெக்கானிக் கிளட்ச் கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஆயில் விட்டு, லீவர் தொட்டாலே இறங்கும்படி செய்து கொடுத்தார். அடுத்த முறை பிரேக் ஆயிலை மாற்றி, கடைசிக் குமிழி வரை காற்றை வெளியேற்றினார். இரண்டு முறையும் தானே தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். வண்டி நினைத்த இடத்தில் நின்றது.

கண்ணாடிக்காரர் மசியவில்லை. கிளட்சை விட்டால் வண்டி துள்ளுகிறதாம். எதிரே லாரி வந்தால் கிட்டத்தில் போய்த்தான் நிற்கிறதாம். வீடு போய்ச் சேருவதற்குள் உயிர் தொண்டைக்குழிக்கு வந்துவிடுகிறதாம்.

மெக்கானிக் மறுபடியும் லீவரை அழுத்திப் பார்த்தார். கச்சிதமாகப் பிடித்தது. அப்போதுதான் அவருக்கு அந்தப் பயம் வந்தது. லீவர் கெட்டிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், விரல் மரத்துப் போயிருந்தால் என்ன செய்வது? பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற விரல் ஆயிற்றே.

வேறு வழி தெரியவில்லை. மானத்தைக் கழற்றி ஸ்பேனர் பெட்டியில் போட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார். கண்ணாடிக்காரரும் பின்னாலேயே வந்தார்.

“மாப்பிள்ளை, இதைக் கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க.”

இந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்த மாப்பிள்ளை, பழைய துணியில் கையை நிதானமாகத் துடைத்தார். லீவரைப் பிடித்தார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

“பஞ்சு மாதிரி அமுங்குது மச்சான், பிடிக்கவே இல்ல. இதுகூடவா உங்களுக்குத் தெரியல?”

தான் அப்போதே சொன்னதாகக் கண்ணாடிக்காரர் குதித்தார். மெக்கானிக் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கை காதுக்குப் போனால் தெருவுக்கே தெரிந்த மாதிரிதான்.

அந்த நேரம் பார்த்து, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை ஆட, கண்ணாடிக்காரரின் மனைவி விடுவிடுவென்று வந்து சேர்ந்தார். வாசலில் வண்டியைக் காணாமல் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். அவரைக் கண்டதும் கண்ணாடிக்காரர் சுவரோரமாக ஒதுங்கினார்.

மெக்கானிக் மென்று விழுங்கினார். சார் ஓட்டும்போது பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றும், அவர் மேல் தப்பில்லை, தன் விரல்தான் பழுதாகிவிட்டது என்றும் தலையைக் குனிந்தபடி சொன்னார்.

அந்த அம்மா புருஷனை ஏற இறங்கப் பார்த்தார்.

“இவருக்கு எங்கண்ணே ஓட்டத் தெரியும்? என் பின்னாடிதானே உட்கார்ந்து வர்றாரு.”