ஐம்பதாவது பெயர்

பள்ளிக்கூட மண்டபத்தில் மூன்று பேர் இருந்தோம். வாசலோர வாங்குப் பலகையில் தாதி புஸ்பமலர், கரும்பலகைக்குக் கீழே முகாமின் கடிதங்களை எழுதும் நான், எனக்கெதிரே நிலத்தில் தவராணி. முகாமில் சின்னமுத்து என்ற அம்மை பரவிக்கொண்டிருந்தது. கடிதத்தில் ஐம்பது பிள்ளைகளின் பெயர் போனால்தான் அதிகாரிகள் தடுப்பூசிப் பெட்டியைப் படகில் ஏற்றுவார்கள். நேற்று சரியாக ஐம்பது இருந்தது. இன்று காலை விழுந்த ஷெல்லில் தவராணியின் மகள் ஆரணி போய்விட்டாள்.

“பெயரை வெட்டவோ?” என்று தாதியிடம் மெல்லக் கேட்டேன்.

“வெட்டிப் பாரும். நாற்பத்தொன்பது எண்டால் அந்தப் பெரிய ஆக்களுக்குப் பெட்டி தூக்கக் கை வராது” என்றார் அவர்.

தவராணி நிமிர்ந்தாள். “வெட்டாதேங்கோ அண்ணை. மற்றப் பிள்ளையளுக்கு ஊசி வரட்டும்.” பேனையை வாங்கித் தாயின் ஒப்பத்தை வைத்தாள்.

ஆரணியின் வரிசையில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. “நிறை?” என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

அவள் இரண்டு கைகளையும் ஏந்தி, மெதுவாக உயர்த்திப் பார்த்தாள். “பன்னிரண்டு கிலோ எண்டு போடுங்கோ. முந்திப் பதின்மூன்று. இப்ப சாப்பாடு இல்லைத்தானே.”

எழுதினேன். கடிதத்தை மடித்து உறையை ஒட்டிப் படகுக்காரரிடம் கொடுத்தபோதும் அவள் கைகளை இறக்கவில்லை.