சாக்கில் விழுந்த தேக்கு

இடித்த வீடுகளின் மரங்களை வாங்கி, இழைத்து, மேசை நாற்காலி செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே உத்தரமாக வந்து சேர்ந்த ஒரு தேக்கை மாசிலாமணி ஆசாரி அறுத்தார். மிஞ்சிய ஒரு முழத் துண்டை அடுப்புக்குப் போகும் விறகுச் சாக்குக்குள் வீசினார்.

துண்டுக்கு ஆத்திரம் பொங்கியது. "எண்பது வருஷம் ஒரு வீட்டையே தாங்கினவன் நான். வெந்நீர் போடவா என்னை இங்க கொண்டு வந்தீங்க?" என்று ரம்பத்தின்மேல் பாய்ந்தது.

"என்கிட்ட ஏன் எரிஞ்சு விழுற? கோடு போட்ட இடத்துல அறுத்தேன்" என்றது ரம்பம்.

"கோடு தப்புன்னு உன் பல்லுக்குத் தெரியாதா?"



சற்று நேரத்தில் ஆசாரிக்கு முக்காலியின் காலுக்கு ஒரு முழக் கட்டை தேவைப்பட்டது. சாக்கை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கதவு நிலைக்கென்று வைத்திருந்த எட்டடித் தேக்கை இழுத்துப் போட்டு, அதன்மேல் ரம்பத்தை வைத்தார்.

"அதை ஏன்யா கெடுக்குற? நான் இங்க இருக்கேனே!" என்று துண்டு அலறியது. ஆசாரிக்குக் கேட்கவில்லை. இனிப் பேசிப் பயனில்லை என்று துண்டு சாக்கோடு சாய்ந்து, வெளியே உருண்டு, அவர் காலில் போய் இடித்தது.

வலியில் துள்ளிய ஆசாரி குனிந்து அதை எடுத்தார். அளந்து பார்த்தார். மயிரிழை பிசகவில்லை. எட்டடித் தேக்கு முழுசாகத் தன் இடத்துக்குத் திரும்பியது.

"இவ்வளவு நல்ல கட்டையை எந்தப் புத்திகெட்டவன் சாக்குல போட்டான்?" என்று பட்டறையே அதிரும்படி ஏசினார் ஆசாரி.

"நீதான்யா!" என்றது துண்டு.