சுண்டும் விரல்

தோள்பட்டை முறிந்து பீங்கான் சூளை வேலையை விட்ட இஞ்ஞாசிக்கு, நாற்பத்தாறு வயதில், பாத்திரக் கடையில் இன்று முதல் நாள். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. எழுந்தால் கை எதையாவது தேடுகிறது. அடுக்கிய பீங்கான் கோப்பைகள் மேல் வெயில் வழுக்குகிறது. வாங்க வந்த ஒரு பெண் ஆறு கோப்பைகளை எடுத்து அவர் முன்னால் வைக்கிறாள். சூளையிலிருந்து இறக்கியதையெல்லாம் சுண்டிப் பார்த்தே பழகிய விரல் தானாகச் சுண்டுகிறது. ணங், ணங், ணங். நாலாவது டொக்கென்கிறது. "இது வேணாம்மா, கீறல் வுட்டிருக்குது." கல்லாவில் கடைக்காரி பூர்ணிமா நிமிர்கிறாள். "விக்க வந்தீங்களா, கழிச்சுக் கட்ட வந்தீங்களாண்ணே? நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேணாமா?" இஞ்ஞாசி கையை அக்குளுக்குள் செருகிக்கொள்கிறார். வெளியே ஒரு பஸ் ஆரன் அடித்தபடி ஜங்ஷன் பக்கம் திரும்புகிறது. அந்தப் பெண் ஐந்தாவதை நீட்டுகிறாள். "இத்தையும் தட்டிச் சொல்லுங்கண்ணே." கை வெளியே வருகிறது. பூர்ணிமாவைப் பார்க்காமல் சுண்டுகிறார். டொக். "இதுவும் வேணாம்மா."